நன்றியுரை குலசேகரமும் விண்வெளியில் கழிப்பறை திருத்திய கொமாண்டரும்

லண்டனில் எத்தனை தமிழ்ச் சங்கங்கள் இருக்கின்றன என்று எண்ணப் புறப்பட்டவர்கள், எண்ணி முடிப்பதற்குள் தாங்களும் ஒன்றைத் தொடங்கிவிடுவது வழக்கம். எண்பத்துநாலாம் ஆண்டு ரெய்னர்ஸ் லேனில் தொடங்கிய பழைய மாணவர் சங்கமும் அப்படி முளைத்ததுதான். எந்தப் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர்கள் என்பதைச் சொல்லாமல் விடுவது நல்லது. சொன்னால் அந்தப் பள்ளிக்கூடத்தார் வழக்குப் போடுவார்கள். அடுத்த பள்ளிக்கூடத்தார், தங்களை ஏன் சொல்லவில்லை என்று கோபிப்பார்கள்.

இந்தச் சங்கத்தில் தலைவர் பதவிக்கு அடிபாடு உண்டு. செயலாளர் பதவிக்கு அடிபாடு உண்டு. ஆண்டு விழாவில் குத்துவிளக்கின் எந்தத் திரியை யார் கொளுத்துவது என்பதில் ஒரு வருடம் கையே நீண்டது. ஒருவரும் அடிபடாத உத்தியோகம் ஒன்றுதான் இருந்தது. விழா முடிவில் நன்றியுரை சொல்வது. அது குலசேகரத்துக்கு.

குலசேகரம் ஹீத்ரோ விமான நிலையத்துக்குப் பக்கத்தில், விமானங்களுக்குச் சாப்பாடு அடுக்கும் ஒரு பெரிய சமையற்கூடத்தில் வேலை செய்தார். ஓடும் பட்டியின் ஓரத்தில் நின்று, ஒவ்வொரு தட்டிலும் கரண்டி, உப்பு, சின்னக் கேக் என்று வைத்து மூடி விடுவது அவருடைய ஷிப்ட். தட்டுகள் வானத்துக்குப் போகும். திரும்பியும் வரும். எந்தத் தட்டும் நன்றி என்று எழுதிக்கொண்டு வந்ததில்லை. பாதி கடித்த கேக்கோடுதான் வரும். ஒருவேளை அதனால்தானோ என்னவோ, உலகத்தில் நன்றி சொல்வது என்பது ஒழுங்காகச் செய்யப்பட வேண்டிய வேலை என்று அவர் நம்பினார்.

ஆனால் ஒன்பது வருடங்களில் ஒரு முறைகூட அவர் தன் நன்றியுரையைச் சொல்லி முடித்ததில்லை.

அதற்குக் காரணம் ரோல்ஸ். அறிவிப்பாளர், "இறுதியாக நன்றியுரை" என்று சொல்லும்போது மண்டபத்தின் பின்பக்கத்தில் சாப்பாட்டு மூடிகள் திறக்கும். ஆட்டிறைச்சி ரோல்ஸின் வாசம் மேடைவரை வரும். கதிரைகள் இழுபடும் சத்தத்தில், "முதற்கண்" என்று அவர் சொல்வது அவருக்கே கேட்காது. ஒரு வருடம் ஒலிபெருக்கிக்காரர் அவர் கையிலிருந்த மைக்கை வாங்கிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, "நீங்கள் சொல்லுங்கோ அண்ணை" என்றார். இன்னொரு வருடம் முன்வரிசை அம்மா ஒருவர் மேடையை எட்டிப் பார்த்து, "தம்பி, உதில சும்மாதானே நிக்கிறீர், இந்தப் பிள்ளையை ஒருக்காப் பிடியும், நான் பார்சல் எடுத்துக்கொண்டு வாறன்" என்று குழந்தையைக் கொடுத்துவிட்டுப் போனார். அந்த வருட நன்றியுரையைக் கேட்டது அந்தக் குழந்தை மட்டும். அதுவும் அழுதுகொண்டு.

இதில் பெரிய அநியாயம் நடந்தது லூர்தம்மாவுக்கு. எட்மண்டனில் இருந்துகொண்டு, வருடா வருடம் இந்த விழாவுக்குச் சமைத்துத் தன் வாகனத்தில் கொண்டுவருகிற மன்னார்ப் பெண்மணி அவர். குலசேகரத்தின் நன்றியுரையில் அவருடைய பெயர் கடைசியில் இருந்தது. அவருடைய சாப்பாடு வந்ததும் நன்றியுரை நின்றுபோகும். நின்றுபோவதால் அவருடைய பெயர் வராது. ஒரு வருடம் குலசேகரம் மூளையைப் பாவித்து, லூர்தம்மாவை முதலில் வைத்தார். "முதற்கண், சாப்பாடு தந்த" என்று தொடங்கினார். சாப்பாடு என்ற சொல்லைக் கேட்டதும் மண்டபம் முழுவதும் ஒரேயடியாக எழும்பியது. அன்றைக்கு வேறு எவருக்கும்கூட நன்றி கிடைக்கவில்லை.

சங்கத்தில் இன்னொரு சட்டமும் இருந்தது. பிரதம விருந்தினர் சாப்பாட்டில் கை வைக்கும்வரை வேறு எவரும் தொடக்கூடாது. எண்பத்தெட்டாம் ஆண்டு பிரதம விருந்தினராக வந்த கவுன்சிலர் ஒருவர் படமெடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது, தட்டத்தில் வெங்காயமும் ஒரு துண்டு எலுமிச்சையும் மட்டும் கிடந்தன. அந்த அவமானத்துக்குப் பிறகு, பசியில் மயங்கினாலும் பிரதம விருந்தினரைப் பார்த்துக்கொண்டுதான் மயங்கவேண்டும் என்று தீர்மானம் நிறைவேறியது. இந்தச் சட்டத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூற்றுமூன்றாம் ஆண்டு சங்கத் தலைவராக வந்தவர் பாலேந்திரா. பல் வைத்தியர். ஹரோவில் கிளினிக். தன் நாற்காலியில் வாய் திறந்து கிடப்பவர்களோடு மட்டும் அரசியல் பேசுவார், மறுபேச்சு வராது. நிர்வாகக் குழுக் கூட்டத்தில், தேத்தண்ணி வருவதற்கு முன்னரே அவர் அறிவித்தார்.

"இந்த முறை எங்கட பிரதம விருந்தினர் ஒரு விண்வெளி வீரர்."

பொருளாளர் யேசுரட்ணம் எதையும் இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்துகிறவர். "எந்த விண்வெளி?"

"மேல இருக்கிற விண்வெளிதான். கொமாண்டர் பிரம்லி. அமெரிக்கன். நேவியில விமானம் ஓட்டினவர். பிறகு வெள்ளோட்ட விமானி. பிறகு ரொக்கெட்டில போனவர். இஞ்ச ஹரோவில வெள்ளைக்காரப் பொம்பிளையைக் கட்டிக்கொண்டு பென்சனில இருக்கிறார். என்ர பேஷன்ட்."

"வாறன் எண்டு சொன்னவரோ?"

"கேட்டனான். ஆ எண்டவர்."

"அப்ப உங்கட கை எங்க இருந்தது?"

பாலேந்திரா கொஞ்சம் யோசித்தார். "அவற்ற வாய்க்குள்ள."

"அப்ப அவர் ஓம் எண்டு சொல்லேல்லை. நோகுது எண்டு சொன்னவர்."

"பல்லுப் பிடுங்கேக்க ஆர் என்ன சொன்னாலும் நான் ஓம் எண்டுதான் எடுக்கிறனான். இருவத்திரண்டு வருச அனுபவம்."

யேசுரட்ணம் அத்தோடு விடவில்லை. ஒரு மனிதரைப் பற்றி யாழ்ப்பாணத்தார் முதலில் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

"ஆள் எவடம்?"

"அமெரிக்கா எண்டனே."

"அமெரிக்காவில எவடம்?"

"நெப்ராஸ்கா."

"அங்க கடல் இருக்கோ?"

"இல்லை. நடுவில இருக்கிற இடம்."

"கடலில்லாத ஊர்க்காரன் என்னெண்டு நேவிக்குப் போனவன்?"

கூட்டம் தேத்தண்ணியோடு கலைந்தது. ஆனால் குலசேகரத்துக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை. கேள்வி ஒரு பக்கம். மறுபக்கம் ஒரு ஆசை. இவ்வளவு பெரிய மனிதருக்கு ஒரு அறிமுகவுரை வேண்டும். அறிமுகவுரை சாப்பாட்டுக்கு முன்னால் வருவது. ஆட்கள் கதிரையில் இருப்பார்கள்.

அவர் வெம்பிளி நூலகத்துக்குப் போனார். கடற்படை விமானிகளைப் பற்றிய தடித்த புத்தகம் ஒன்று எடுத்தார். கொமாண்டர் பிரம்லிக்கு அதில் ஒரு அத்தியாயம் இருந்தது. ரெயினில் படித்தார், ஷிப்டுக்கு இடையில் படித்தார். ஒரு நாள் படித்த ஞாபகத்தில் ஒரு தட்டில் மூன்று கேக் வைத்து அனுப்பிவிட்டார். எந்த நாட்டுக்கோ போன எந்த அதிர்ஷ்டசாலிக்கோ அது கிடைத்தது. அவரும் நன்றி சொல்லவில்லை.

படித்து முடித்ததும் பாலேந்திராவுக்கு ரெலிபோன் எடுத்தார்.

"டொக்டர், கொமாண்டரை ஆர் அறிமுகம் செய்யிறது?"

"நான்தான். அவற்ற உள்ளுக்கை பார்த்த ஆள் நான் ஒருத்தன்தானே. நீர் வழமை மாதிரி நன்றியைச் சொல்லும் குலம். சுருக்கமா. முந்தின முறையும் நீட்டிப்போட்டீர்."

முந்தின முறை அவர் சொன்னது, "முதற்கண்" என்ற ஒரு சொல்.

அவர் மனைவி சிவமலர் இந்த விஷயத்தில் கண்டிப்பானவர். ஒவ்வொரு வருடமும் குசினியில் அவருக்கு ஒத்திகை வைப்பார். ஒத்திகை உண்மை மாதிரி இருக்கவேண்டும் என்பதற்காக, குலசேகரம் "முதற்கண்" என்றதும் கதிரையை இழுத்துக்கொண்டு எழும்பிப் போய் அடுப்பைப் பார்ப்பார்.

"இஞ்சாரும், ஒருக்கா முழுக்க இருந்து கேளுமன்."

"நான் இருந்து கேட்டால் உங்களுக்குப் பழுதாப் போகும். அங்க ஒருத்தரும் இருக்காயினம். முதுகைப் பார்த்துக் கதைச்சுப் பழகுங்கோ."

"இந்த முறை கொமாண்டரைப் பற்றியும் சேர்த்திருக்கிறன்."

"சேருங்கோ. கேக்கப் போறது ஆர், கதிரைதானே. கதிரைக்கும் உலக அறிவு வேணும்."

விழா ஒரு சனிக்கிழமை, தேவாலய மண்டபம் ஒன்றில். அழைப்பிதழில் இரண்டு மணி என்று இருந்தது. நான்கு மணிக்கு வந்தால் போதும் என்பது அதன் பொருள். இதைக் கொமாண்டருக்கு எவரும் சொல்லவில்லை. கடற்படைக்காரர் அல்லவா, இரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே வந்து நின்றார். நெட்டையான மனிதர், வெள்ளைத் தலை, கழுத்தில் நேராகக் கட்டிய டை. மண்டபத்தில் குலசேகரம் தனியே கதிரை அடுக்கிக்கொண்டிருந்தார்.

கொமாண்டர் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுத் தானும் கதிரை அடுக்கத் தொடங்கினார். குலசேகரம் பதறிப்போனார். பிரதம விருந்தினர் கதிரை தூக்கியதை யேசுரட்ணம் கண்டால் அடுத்த பொதுக்கூட்டம் அதிலேயே முடியும். "வேண்டாம் சேர், நீங்கள் இருங்கள்" என்று தன் ஆங்கிலத்தில் கெஞ்சினார். கொமாண்டர் இருக்கவில்லை. வரிசை கோணாமல் அடுக்கினார். பிறகு, ஒரு கதிரையைப் பிடித்தபடி, தாழ்ந்த குரலில் சொன்னார்: தனக்குப் பேச வராது என்று. எப்போதும் வந்ததில்லையாம். பல் வைத்தியர் தன்னை என்ன கேட்டார் என்பதுகூட, அழைப்பிதழில் தன் பெயரைப் பார்த்த பிறகுதான் விளங்கியதாம்.

"கவலைப்படாதீர்கள் சேர்" என்றார் குலசேகரம். "இங்கே மற்றவர்கள் பேசுவார்கள்."

பேசினார்கள். மௌன அஞ்சலிக்குக்கூட ஒருவர் விளக்கம் சொன்னார். வரவேற்புரையை, வந்திருந்த ஒன்பது பேர் வரவேற்றார்கள். பிறகு சனம் வந்தது. பிள்ளைகளின் நடனம், வீணை, இன்னொரு நடனம். பிறகு பாலேந்திராவின் அறிமுகவுரை. அது கொமாண்டரின் கீழ்த்தாடையில் இடது பக்கக் கடைவாய்ப் பல்லில் தொடங்கி, அந்தப் பல்லைப் பிடுங்குவதில் உள்ள சிரமங்கள், அதற்குத் தேவையான படிப்பு, அந்தப் படிப்பைத் தான் எங்கே படித்தார், அங்கே எத்தனை பரிசு பெற்றார் என்று விரிந்து போயிற்று. விண்வெளி ஒரு முறை வந்தது. பல்லில் இருந்த ஓட்டையின் அளவைச் சொல்வதற்கு.

பொன்னாடை போர்த்தினார்கள். கொமாண்டருக்கு நாற்பது நிமிடம் ஒதுக்கியிருந்தது. அவர் எழும்பி மைக்கைப் பிடித்தார். "மேலே போனேன். நன்றாக இருந்தது. கீழே வந்தேன். மிக்க நன்றி" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு இருந்துவிட்டார்.

மொழிபெயர்க்க நின்ற பாலேந்திரா, தயாராக இருந்தவர், அதைத் தமிழில் கால் மணித்தியாலம் சொன்னார். பல்லும் வந்தது. அதற்கு மேல் அவராலும் ஏலவில்லை.

அப்போதுதான் மண்டபக் காவலாளியின் அறையில் ரெலிபோன் அடித்தது. வீதியோர ரெலிபோன் பெட்டி ஒன்றிலிருந்து லூர்தம்மா. நோர்த் சேர்குலர் வீதியில் விபத்தாம், வாகனம் அசையவில்லையாம். "பொறுத்துக் கொள்ளச் சொல்லுங்கோ, ரோல்ஸ் என்னோடதான் இருக்குது" என்றாராம்.

நடனம் முடிந்தது. வீணை கட்டியாயிற்று. சாப்பாடு இல்லை. பிரதம விருந்தினர் வாயைத் திறக்கமாட்டார். சனம் தங்கள் கைக்கடிகாரங்களைப் பார்க்கத் தொடங்கியது. பாலேந்திரா மேடையின் ஓரத்துக்கு வந்து, குலசேகரத்தின் தோளில் கை வைத்தார். அவர் சொன்னது, குலசேகரம் வாழ்நாளில் கேட்டிராத ஒரு வசனம்.

"குலம், நன்றியுரையைக் கொஞ்சம் இழுத்துச் சொல்லும்."

குலசேகரம் மேடை ஏறினார். முன்வரிசையில் சிவமலர். பழக்கதோஷத்தில் எழும்பப் போனவர், எழும்பி எங்கே போவது என்று தெரியாமல் திரும்ப இருந்தார். மண்டபம் முழுவதும் அப்படித்தான். போவதற்கு ஒரு இடமும் இல்லை.

"முதற்கண்" என்றார் குலசேகரம். கதிரை இழுபடும் சத்தத்துக்காகக் கொஞ்சம் நிறுத்தினார். வரவில்லை. அந்த அமைதியில் அவருக்கே பயம் வந்துவிட்டது. நன்றிப் பட்டியலில் ஆயத்தம் செய்து வைத்திருந்த தலைவர், செயலாளர், மண்டபம், மைக் எல்லாம் நினைவிலிருந்து பறந்தன. மிஞ்சியது புத்தகம் மட்டும்.

"முதற்கண், நெப்ராஸ்காவில் விளையும் கோதுமைக்கு எமது சங்கத்தின் சார்பில் நன்றி."

சனம் ஒன்றையொன்று பார்த்தது.

"கொமாண்டர் ஐயாவின் தகப்பனாருக்குக் கோதுமைத் தோட்டம். ஐயாவுக்குக் கோதுமைத் தூசு பட்டால் தும்மல். ஒரு அறுவடைக் காலம் முழுக்கத் தும்மிப்போட்டு, உலகத்தில கோதுமை இல்லாத இடம் எது எண்டு விசாரிச்சவராம். கடல் எண்டு சொல்லிச்சினமாம். அப்பிடித்தான் நேவிக்குப் போனவர்."

"அப்பிடிச் சொல்லு" என்றார் யேசுரட்ணம், முன்வரிசையிலிருந்து. ஐந்து மாதமாகத் தொண்டையில் கிடந்த முள் இறங்கியது போல இருந்தது அவர் முகம்.

"இரண்டாவதாக, வாந்திக்கு நன்றி. கப்பலில ஏறின முதல் நாள் தொடங்கி ஐயாவுக்குத் தலைச்சுத்து. கப்பலில ஆடாத இடம் எது எண்டு பார்த்தார். கப்பலுக்கு மேல இருக்கிற ஆகாயம். விமானந்தாங்கிக் கப்பலில விமானியாகச் சேர்ந்தார்."

இப்போது பின்வரிசையும் காதைக் கொடுத்தது.

"மூண்டாவதாக, ஒரு கொழுக்கிக்கு நன்றி. நாங்கள் ஈலிங் றோட்டில கார் விட இடம் தேடுறம். கிடைக்கிற இடம் முன்னுக்கு ஓடிக்கொண்டு, மேலயும் கீழயும் ஆடிக்கொண்டு, இருட்டுக்குள்ள இருந்தால் என்ன செய்வியள்? ஐயா அதில இறக்கினவர். விமானத்தின்ர வாலில ஒரு கொழுக்கி. கப்பலில குறுக்க ஒரு கம்பி. கொழுக்கி கம்பியில மாட்டினால் வீடு. மாட்டாட்டிக் கடல். அந்தக் கொழுக்கி ஒரு நாளும் ஐயாவைக் கைவிடேல்லை. பிறகு வெள்ளோட்ட விமானி. புது விமானம் செய்தவை தாங்கள் அதில ஏறமாட்டினம். ஐயாவைக் கூப்பிட்டு, ஒருக்கா ஓட்டிப் பாரும், எது கழருது எண்டு வந்து சொல்லும் எண்டு விடுவினம்."

"எங்கட டிரைவிங் ஸ்கூல் மாதிரி" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

மேடையில் கொமாண்டர் நிமிர்ந்து இருந்தார். ஒரு சொல் விளங்கவில்லை. ஆனால் இடையிடையே நெப்ராஸ்கா கேட்டது, நேவி கேட்டது. இந்த மனிதர் ஒரு கையை விமானமாக்கி, மற்றக் கையைக் கப்பலாக்கி, சுண்டுவிரலைக் கொழுக்கியாக வளைத்து இறக்கியதையும் கண்டார்.

இந்த நேரத்தில் பின்கதவு திறந்தது. லூர்தம்மாவும் சாப்பாடும்.

மூடிகள் திறந்தன. வாசம் மேடையை அடைந்தது. குலசேகரத்துக்கு அந்த வாசம் நல்ல பழக்கம். ஒன்பது வருடமாக அதுதான் அவருடைய முற்றுப்புள்ளி. வாய் தானாக நின்றது. மண்டபம் பாதி எழும்பியது. எழும்பியவர்கள் சட்டத்தை நினைத்து, அரைவாசி எழும்பிய நிலையிலேயே கொமாண்டரைப் பார்த்தார்கள்.

பாலேந்திரா குனிந்து கொமாண்டரின் காதில், "சேர், சாப்பாடு வந்துவிட்டது. வாருங்கள்" என்றார்.

"அவர் இன்னும் முடிக்கவில்லையே" என்றார் கொமாண்டர்.

"அது நன்றியுரை சேர். அதை முடிக்கிற வழக்கம் இல்லை."

கொமாண்டர் கால்மேல் கால் போட்டு இன்னும் நன்றாகச் சாய்ந்து இருந்தார். மண்டபமும் திரும்பக் கதிரையில் இருந்தது. வேறு வழி இல்லை. ரோல்ஸ் ஒரு பக்கம், சங்கச் சட்டம் மறுபக்கம். சிவமலர் மட்டும் எழும்பவே இல்லை. கணவரைப் பார்த்து, சொல்லுங்கோ என்று தலையை ஆட்டினார்.

குலசேகரம் தொடர்ந்தார். விண்வெளிக்கு ஆள் எடுக்கும் நேர்முகத்தில், "ஏன் மேலே போகவேண்டும்" என்று கேட்டதற்குக் கொமாண்டர் "தெரியாது" என்று சொல்லித் தோற்றதையும், அடுத்த முறையும் அதே பதிலைச் சொல்லித் தேறியதையும் சொன்னார். அந்த இரண்டாவது குழுவினருக்கு நன்றி சொன்னார். பூமியைச் சுற்றுகையில் ஒரு நாளைக்குப் பதினாறு முறை சூரியன் உதிக்கும் என்றார்.

"அப்ப ஏகாதசி விரதம் பிடிக்கிறவை எந்த நேரம் சாப்பிடுறது?" என்று ஒரு அம்மா கவலையோடு கேட்டார்.

"மேலே போய் ஐயா செய்த முக்கியமான வேலை என்ன எண்டு கேட்டால்," குலசேகரம் குரலைத் தாழ்த்தினார், "கழிப்பறை திருத்தினது. இரண்டாம் நாள் அது பழுதாப்போச்சு. கீழயிருந்து படிச்ச ஆக்கள் எல்லாரும் றேடியோவில சொல்லச் சொல்ல, இவர் தலைகீழா மிதந்துகொண்டு ஒரு குறட்டால திருத்தினவர். நிலத்தில எண்டால் பிளம்பரைக் கூப்பிடலாம். அங்க ஆர் வாறது? மிச்ச நாள் எல்லாரும் நிம்மதியா இருந்தவை எண்டால் அது இவராலதான். ஆனபடியால், அந்தக் குறட்டுக்கும் நன்றி."

சாப்பாட்டு வாசத்துக்கு நடுவில் இந்த விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று சிலர் இன்றைக்கும் அபிப்பிராயப்படுகிறார்கள்.

"இறுதியாக" என்றார் குலசேகரம். அந்தச் சொல்லுக்கு முதுகுத்தண்டில் பழகிப்போன சனம் ஒரு அங்குலம் உயர்ந்தது. கொமாண்டர் அசையவில்லை. சனம் ஒரு அங்குலம் இறங்கியது.

"இதைக் கடைசிக்கெண்டு வைச்சிருந்தனான். வெள்ளோட்ட விமானியா இருக்கேக்க ஒரு நாள், விமானத்தின்ர செட்டை கழண்டு போச்சு. ஐயா குதிச்சார். வெங்காயத் தோட்டம் ஒண்டுக்குள்ள விழுந்தார்."

"பெரிய வெங்காயமோ, சின்ன வெங்காயமோ?" யேசுரட்ணம்.

"அண்ணை, அது புத்தகத்தில இல்லை. ஐயாவைக் காப்பாத்தினது பரசூட். ஒருத்தன் எங்கயோ ஒரு கொட்டிலுக்குள்ள இருந்து அதை மடிச்சு வைச்சிருக்கிறான். ஒரு மடிப்புப் பிழைச்சிருந்தால் ரொக்கெட்டும் இல்லை, கழிப்பறையும் இல்லை, இண்டைக்குப் பிரதம விருந்தினரும் இல்லை." அவர் திரும்பி, "மன்னிக்கவேணும் சேர்" என்றுவிட்டு, கொமாண்டரின் தோளிலிருந்த பொன்னாடையை உருவி எடுத்தார். போர்த்திய பொன்னாடையைக் கழற்றுவது லண்டன் தமிழர் வரலாற்றில் நடந்திராத காரியம். குலசேகரம் அதை மேசையில் விரித்து, தட்டு அடுக்கிப் பழகிய கைகளால் மடித்தார். நீளப்பாட்டில் ஒரு மடிப்பு. குறுக்கே ஒரு மடிப்பு. சுருக்கம் இல்லாமல் தடவி, இன்னொரு மடிப்பு. "இப்பிடித்தான் மடிச்சிருப்பான். அவன்ர பேரைப் புத்தகத்தில தேடினன். கப்பலின்ர பேர் இருக்கு, விமானத்தின்ர பேர் இருக்கு, விமானம் செய்த கொம்பனியின்ர பேர் இருக்கு. மடிச்சவன்ர பேர் இல்லை. பேர் தெரியாத அந்தப் பரசூட் மடிச்ச ஆளுக்கு எங்கட நன்றி."

கொமாண்டர் எழும்பினார்.

மண்டபம் முழுவதும் எழும்பியது. முன்வரிசை ஏற்கெனவே பின்பக்கம் திரும்பி இரண்டடி வைத்துவிட்டது. ஆனால் கொமாண்டர் போனது சாப்பாட்டு மேசைக்கு அல்ல. மைக்கடிக்கு. பரசூட் என்ற சொல் அவருக்கு விளங்கியிருந்தது. மடிப்பும் விளங்கியிருந்தது. குனிந்து குலசேகரத்தின் காதில் ஏதோ சொன்னார். குலசேகரம் திரும்பக் கேட்டார். கொமாண்டர் திரும்பவும் சொன்னார். மண்டபம் மறுபடி கதிரையில் இருந்தது.

"நன்றியுரையில் ஒரு சிறு திருத்தம்" என்றார் குலசேகரம். "அவற்ற பேர் லூயிஸ். ஐயா ஒரு போத்தல் விஸ்கி கொண்டுபோய்க் குடுத்தவராம். ஆனால் ஒரு மேடையிலயும் அவற்ற பேரைச் சொன்னதில்லையாம். மேடையில ஐயாவுக்குக் கதைக்க வராது. என்னைச் சொல்லச் சொல்லுறார். மதிப்புக்குரிய லூயிஸ் அவர்களுக்கு நன்றி."

"ஆர், எங்கட மாதகல் லூயிசோ?" என்று கேட்டார் யேசுரட்ணம். "அவன் ஒரு காலம் கப்பலில இருந்தவன்."

மண்டபத்தில் எல்லோரும் கை தட்டிக்கொண்டிருந்தார்கள்.

குலசேகரம் போய்விடவில்லை. இன்னும் ஒரு பெயர் இருந்தது. பின்கதவருகில் கையில் இடுக்கியோடு லூர்தம்மா நின்றார். வழமையாக இந்த நேரம் அவர் குனிந்து பரிமாறிக்கொண்டிருப்பார். மேடையை ஒரு நாளும் பார்த்ததில்லை. இன்றைக்குச் செய்ய ஒன்றும் இல்லாததால் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மிக இறுதியாக, ஒன்பது வருசமா எங்களுக்குச் சாப்பாடு தாற, எட்மண்டன் லூர்தம்மா அவர்களுக்கு."

எல்லாத் தலைகளும் பின்னால் திரும்பின. ரோல்ஸைத் தாண்டி அவரைப் பார்த்தது அதுவே முதல்முறை. கைதட்டினார்கள். கொமாண்டரும் எதற்கென்று தெரியாமல் மைக்கடியில் நின்றபடியே தட்டினார். லூர்தம்மா இடுக்கியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். சேலைத் தலைப்பால் நெற்றியைத் துடைத்தார்.

"சரி அண்ணை, கேட்டிட்டன்" என்றார். "இனி இறங்கி வாங்கோ. ரோல்ஸ் ஆறிப்போச்சு."

வீட்டுக்குப் போகும் வழியில் கார் ரெய்னர்ஸ் லேன் சந்தியில் சிவப்பு விளக்கில் நின்றபோது, சிவமலர் "எனக்குத்தான் நீங்கள் நன்றி சொல்லேல்லை" என்றார்.

"எதுக்கு?"

"ஒன்பது வருசமாக் கதிரை இழுத்ததுக்கு."

அடுத்த வருடம் கொமாண்டரின் பல் நன்றாக இருந்ததால் அவர் வரவில்லை. நோர்த் சேர்குலரில் விபத்தும் இல்லை. லூர்தம்மா நேரத்துக்கு வந்துவிட்டார். அறிவிப்பாளர் "இறுதியாக" என்றார். சனம் எழும்பிப் பின்பக்கம் போனது. மேசையில் ஒன்றும் இல்லை. கதவைத் திறந்து கார் பார்க்குக்குப் போனார்கள். வாகனம் பூட்டிக் கிடந்தது. முன்சீற்றில் லூர்தம்மா கண்ணாடியை நாலு விரல் இறக்கிவிட்டு, சாவியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

"உள்ளுக்கை போய் இருங்கோ" என்றார். "என்ர பேர் இன்னும் வரேல்லை."